பதினோராம் பக்கத்துச் சொல்

குழித்துறைக் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், மொழிபெயர்ப்பு.
பலகையின் மூன்றாவது வார்த்தை நான்.
பக்கத்துக்கு நூற்றிருபது, முத்திரை தனி.

பத்தொன்பது பக்கத் தீர்ப்பு.
அருமனையில் ரப்பர் வியாபாரம், இரண்டு பேரேடு:
கூட்டாளி மரியதங்கத்துக்குக் காட்ட ஒன்று,
வீட்டு அலமாரிக்கு ஒன்று.
பதினோராம் பக்கத்தில்
பிரதிவாதி ஜாண்றோஸ் என்ற பெயருக்கு முன்னால்
நீதிபதி ஒரு சொல்லை நிறுத்தியிருந்தார்:
டூப்ளிசிட்டஸ்.

கொண்டுவந்தது ஜாண்றோஸ் இல்லை.
அவர் மனைவி, புஷ்பலீலா.
ஆசிட் பட்டு வெடித்த விரல்கள்,
நனைந்த குடை.
"தோத்துப்போச்சுண்ணு வக்கீலு சொல்லியாச்சு.
இவர ஜட்ஜி என்னண்ணு எளுதியிருக்காரு?
அது மட்டும் தமிழில வேணும்."

தெரிந்த சொல்லுக்கும் அகராதி எடுப்பேன்.
புரட்டும் நேரத்தில் யோசிக்கலாம்.
வஞ்சகமான. கபடமான. இரட்டை வேடமிடும்.
மூன்றிலும் நாடகக் கொட்டகை வாசனை.
வஞ்சகன் என்றால் மீசையைத் தடவிச் சிரித்தாக வேண்டும்.
ஜாண்றோஸோ
டீக்கடையில் அடுத்தவன் காசையும் கொடுக்கிற ஆள்.

கள்ளம் என்றால் இங்கே பொய்.
கள்ளம் பறயாதே என்று பிள்ளையை அதட்டுவோம்.
பொய்க்கு ஒரு தடவை போதும்.
இந்தச் சொல்லுக்குப் போதாது,
தினமும் காலையில் எழுந்து
இரண்டு நோட்டிலும் தேதி போட வேண்டும்.

வேர் லத்தீன். இரண்டாய் மடித்தது என்று அர்த்தம்.
ஆங்கில நாவல்களில்
பிச்சைக்காரன்மேல் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
சித்தப்பாக்கள், பங்குதாரர்கள்,
அழகாய்க் கடிதம் எழுதும் மைத்துனர்கள்,
சலவைச் சட்டைமேல்தான் அதற்குப் பிரியம்.
ஆண்பால் பெண்பால் கேட்காது.
தமிழில் வஞ்சகனா வஞ்சகியா என்று
முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.
கிரிமினல் கோர்ட்டில் அதே குடும்பத்துச் சொல்லுக்கு வேறு வேலை:
ஒரே குற்றச்சாட்டில் இரண்டு குற்றத்தைத் திணித்தால்
குறை குற்றச்சாட்டின் மேல்.

என் முதுகுக்குப் பின்னால் இயந்திரம்
அதே வேரிலிருந்து படி எடுத்துக்கொண்டிருந்தது,
ஒன்று இரண்டு ரூபாய்.
டூப்ளிகேட் சாவி, டூப்ளிகேட் ரசீது;
குடும்பத்தில் ஒன்றை எப்போதோ தத்தெடுத்துவிட்டோம்.

மடிப்பு என்றால் எனக்குப் புகைப்புரை.
மூங்கிலில் மடித்துப் போட்ட ஷீட்
இரு பக்கமும் தேன் நிறத்துக்கு வரும்,
மூங்கில் தொட்ட இடம் மட்டும் வெள்ளைக் கோடு.
வாங்க வருகிறவன் வெளிச்சத்தில் தூக்கி
அந்தக் கோட்டைத்தான் தேடுவான்.
இதை இவளிடம் சொல்லியிருக்கலாம்.
யாரையும்விட நன்றாகப் புரிந்திருக்கும்.

சொல்லவில்லை.
"இருமனம்" என்றேன்.
"ரெண்டு மனசு உள்ளவருண்ணு எளுதியிருக்காரு."

முகம் தெளிந்த மாதிரி இருந்தது.
"அது சரிதான்.
ஒரு சட்டை எடுக்க
மார்த்தாண்டத்துல ஆறு கடை ஏறி எறங்குவாரு."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் தட்டச்சு செய்து முத்திரை குத்திய தாளில்
வஞ்சக நடத்தையுள்ள என்றிருந்தது.
கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று
முதலிலேயே சொல்லியிருந்தாள்.
வாயில் ஒரு கணக்கு, தாளில் ஒரு கணக்கு.
மொத்தத் தீர்ப்பும் வேண்டாம், அந்த ஒரு பக்கம்தான்.
நூற்றிருபதும் முத்திரைக்கு முப்பதும் வாங்கிக்கொண்டேன்.

பாலம் வரைக்கும் போனவள்
குடைக்காகத் திரும்பி வந்தாள்.
மழை விட்டிருந்தது, எந்த மழையோ,
இந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டு பருவம்.
தாள் கையில் விரிந்திருந்தது.
அவள் விரல்
சரியாக அந்த வரியில்.

"ரெண்டாவது நோட்டு எளுதினது நானாக்கும்" என்றாள்.
"அவருக்கு ரெண்டு மனசு உண்டு சார்,
நீங்க சொன்னது சரி.
எனக்கு ஒண்ணுதான் இருந்துது."