பதினான்காம் கேள்வி

திருவாரூரில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
மே மாதம். மின்விசிறி சுற்றுகிறது,
காற்று சேர்மன் மேசைக்கு மட்டும் போகிறது.
பதினான்காம் கேள்வி:
தனிமைவாதம், குறிப்பு வரைக. ஐந்து மதிப்பெண்.

முப்பத்தோரு தாளிலும் ஒரே வாக்கியம்:
“உலக விவகாரங்களிலிருந்து ஒரு நாடு ஒதுங்கி நிற்பது.”
கைடு புத்தகத்தின் ஒரே வரி
முப்பத்தோரு கையெழுத்தில்.
டிக். டிக். டீ வந்தது.

அடுத்த தாள். பெயர் கிடையாது, டம்மி எண்தான்.
உள்ளங்கை வியர்வையில் மை கலங்கியிருந்தது.

“ஐயா, இது கொள்கையின் பெயர் இல்லை,
எதிரே உட்கார்ந்திருப்பவர் வைக்கிற பெயர்.
படை அனுப்பாதே என்றவரையும் இந்தச் சொல்லால்தான் அடிக்கிறார்கள்,
வெளிநாட்டுப் பருப்பு வேண்டாம் என்றவரையும்,
அகதியை உள்ளே விடாதே என்றவரையும்.
மூவரும் ஒரு பந்தியில் உட்கார மாட்டார்கள்.
‘நான் தனிமைவாதி’ என்று
யாரும் ஓட்டுக் கேட்டு வந்து நான் பார்த்ததில்லை.

என் அப்பா கடைமடை ரெகுலேட்டரில் லஸ்கர்.
ஐப்பசியில் கடல் எதிர்த்து ஏறினால் ஷட்டரை இறக்குவார்,
ஆறு பெருகினால் ஏற்றுவார்.
இருட்டில் எது வருகிறதென்று
தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.
அவருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?”

சேர்மன் தைரியநாதன் எட்டிப் பார்த்தார்.
“கீயில இல்லையே. ஒண்ணரை போடுங்க.
அவங்க அப்பாவையா கேட்டோம்?”

ஒன்றரை போட்டேன். அடித்தேன். மூன்று.

போன மாதம் சங்கக் கூட்டத்தில்
இந்தப் போராட்டத்தில் நாம் இப்போது சேர வேண்டாம் என்றேன்.
காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள்
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஒதுங்குறாருப்பா.”
அதன்பிறகு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.
அந்த மூன்றில் அரை மதிப்பெண் அதற்காக இருக்கலாம்.

ஆனால் ஷட்டரும் அப்படியொன்றும் அப்பாவி இல்லை.
ஒரு கார்த்திகையில் அதை இறக்கி வைத்த நாலு நாளும்
மேலே என் மாமனாரின் சம்பாப் பயிர்
முழங்கால் தண்ணீரில் அழுகியது.
அன்று லஸ்கருக்கு அவர் வைத்த பெயரை
வகுப்பில் சொல்ல முடியாது.

ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்:
‘மேல்வயல்காரரையும் கேட்டு எழுதியிருக்கலாம்.’
எழுதிய பிறகுதான் உறைத்தது,
இந்தத் தாள் அவனிடமோ அவளிடமோ
திரும்பிப் போகாது.

கட்டைச் சணலால் கட்டினேன்.
அடுத்த கட்டைப் பிரித்தேன்.
“உலக விவகாரங்களிலிருந்து ஒரு நாடு”
டிக்.