நெருப்பில்லாத எரிமலை

எபி, நீ அனுப்பிய வீடியோவை
இரவு டூட்டியில் நாலு முறை பார்த்தேன்.
பலகைப் பாலத்தில் நீ நிற்கிறாய்.
கீழே சேறு கொதிக்கிறது,
கேழ்வரகுக் கூழ் போல் மொட்டு விட்டு மொட்டு விட்டு.
உன் முதுகுக்குப் பின்னால் ஒரு காட்டெருமை
ஆவிக்குள் போகிறது, வேறு பக்கம் வருகிறது.
"அம்மா, நம்ம ஊர்ல இந்த மாதிரி உண்டா?"

நம் ஊரில் உண்டானது உனக்கே தெரியும்.
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
சாமி இல்லாத கோயில் என்றும் சொன்னார்கள்,
சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
பாலாற்றிலும் ஐப்பசியில் எட்டு நாள் வெள்ளம்.
பழமொழி ஓட்டையாகிக்கொண்டே வருகிறது.
அதில் ஒரு வரி சேர்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

சென்றாயன் என்று ஒருவர்
மார்புப் படம் எடுக்க வந்திருந்தார்.
"மூச்சை இழுங்க. பிடிங்க" என்றேன்.
படம் விழுந்துவிட்டது.
உன் சேற்றை நினைத்துக்கொண்டிருந்ததில்
"விடுங்க" சொல்ல மறந்துபோனேன்.
முகம் சிவக்கப் பிடித்தபடியே நின்றார் மனுஷன்.
விட்டதும் சிரித்தார்:
"எங்க செவ்வாத்தூரும் இப்படித்தான் மேடம்.
எரிமலை ஆகியிருக்கணும்னு சர்வேக்காரங்க சொன்னாங்க.
பூமிக்குள்ளயே மூச்சைப் பிடிச்சதோட சரி.
எழுபத்தஞ்சு எண்பது கோடி வருஷம்,
யாரும் விடச் சொல்லல."

மார்கழி ஞாயிறு. திருப்பத்தூர் முதல் பஸ்.
தில்ஷாத் மடியில் பிரியாணி டப்பா,
என் மூக்கில் உன் பழைய கூலிங் கிளாஸ்.

நுழைவுச் சீட்டு இல்லை.
விலங்குகளுக்குத் தீனி போடாதீர் என்ற பலகை இல்லை.
ஒரு பழைய சுரங்கக் குழி, பச்சைத் தண்ணீர்,
சீமைக்கருவேலத்தில் மாட்டிய ஆட்டு ரோமம்.
தரை முழுக்கக் காக்காப்பொன்,
செருப்பில் ஒட்டி மினுமினுத்தது.
"இதுக்கா அஞ்சு மணிக்கு எழுந்தோம்?" என்றாள் தில்ஷாத்.

சென்றாயனுக்கு ரோஷம் வந்துவிட்டது.
ஏலகிரி அடிவாரம் வரை ஆட்டோ வைத்தார், அவர் காசில்.
பாறை மேல் ஒரு சின்னான்,
தொண்டையில் மட்டும் மஞ்சள் பூசியது,
எங்களைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் பறந்தது.

எரிமலையை அங்கேதான் பார்த்தேன், எபி.
இடுப்பளவு செம்புற்று.
உச்சி பிளந்து உள்ளே குழி,
சரிந்த மண்ணில் நீள நீளமாக நகம் இழுத்த கோடு.
"கரடி. கறையானை ஊதி உறிஞ்சிட்டுப் போயிருக்கு.
ராத்திரி வேலை."
பக்கத்தில் அது கழித்த சாணம்,
இலந்தைக் கொட்டையும் எறும்புத் தலையுமாக.
அதிலிருந்து மெல்லிசாய் ஆவி எழுந்தது.

சென்றாயன் குரல் இறங்கியது:
"ராத்திரி இல்ல."

நுணாப் புதர் அசைந்தது.
நின்றது.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.
இந்த முறை யாருமே விடச் சொல்லவில்லை.
ஒரு கருத்த முதுகு, அழுக்குக் கம்பளி மாதிரி,
வெயிலை ஒரு கணம் மறைத்துவிட்டு
மலைப் பக்கம் ஏறிப் போனது.
டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள் தில்ஷாத்.
பஸ்ஸில் தொரப்பாடி வரை அதைப் பற்றித்தான் பேச்சு,
கரடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராத்திரி கைப்பையைக் கவிழ்த்தால்
காக்காப்பொன் ஒரு சில்லு.
சும்மா இடுக்கியில் பிடித்து
கேஸ் அடுப்பில் காட்டினேன்.

நெளிந்தது.
கல் நெளிந்தது, எபி.
ஏடு ஏடாகப் பிரிந்து, பொன்னிறப் புழுவாக நீண்டு,
ஆர்மோனியத் துருத்தி விரிகிற மாதிரி
பத்து மடங்கு ஆனது.
நெருப்பில்லாத எரிமலை என்று
எழுதி வைத்திருந்த வரியும் ஓட்டை.

"விடுங்க" என்றேன்,
யாரும் இல்லாத சமையலறையில்.

நீ அங்கே பலகையை விட்டுக் கீழே இறங்காதே.