எத்தனை பார்சல்?

பகல் பன்னிரண்டரைக்கு அந்த அழைப்பு.
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி
"எத்தனை பார்சல்?" என்றேன்.
கை சொதியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"பார்சல் இல்லையக்கா.
மிருக வைத்தியர் கந்தோரிலயிருந்து கதைக்கிறன்.
கோட்டை வாசலடியில ஒரு மான் செத்துப்போச்சு.
வயித்தைத் திறந்து பார்த்தம்.
உள்ளுக்கு ஒரு பை.
பையில உங்கட நம்பர்."

சொதி பொங்கி அடுப்பை அணைத்தது.

எமில்டா சாப்பாட்டுக் கடை,
பஸ் நிலையத்துக்கு முன்னால்,
மரக்கறி, மீன், கோழி.
சிவப்பு எழுத்தில் அடித்துத் தந்த கொழும்புக்காரன்
அழியாத மை என்றான்.
பொய் சொல்லவில்லை அவன்.
நாலு அறை வயிற்றையும் கடந்து
ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை.

எனக்குத் தெரிந்த மான்தான்.
ஒற்றைக் கொம்பன், வலக்காது கிழிந்தவன்.
கடை பூட்டும் நேரம் வருவான்.
கோவாத் தண்டு கொடுத்திருக்கிறேன்.
மிச்சத்தைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான்,
வாசம் பிடித்து,
மீன்குழம்பு ஊறிய என் பெயரை.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
சோற்றுக்கு ஒரு லஞ்ச் சீட்,
பருப்புக்கு ஒரு சின்னப் பை, சொதிக்கு ஒன்று,
சம்பலுக்கு ஒன்று,
எல்லாவற்றையும் தூக்க இன்னொன்று.
நாளுக்கு நூற்றிநாற்பது பார்சல். ஒன்பது வருடம்.
பதினெட்டு லட்சத்தைத் தாண்டியதும்
கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.
ஒற்றைக் கொம்பன் தின்றது அதில் ஒன்று.

விடிய, பலகையில் சோக்கால் எழுதினேன்:
*பை இல்லை. பாத்திரம் கொண்டுவந்தால்
இருபது ரூபா குறைவு.*
"இது வியாபாரமா அக்கா, நேர்த்திக்கடனா?"
என்றான் சமையற்கட்டு ராசிக்.
அன்று விற்றது நாற்பத்தொன்று.
பக்கத்துக் கடையில் வரிசை வீதிவரை நின்றது.
மிஞ்சிய சோற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஓட்டோ நௌபர்
ஐஸ்கிரீம் வாளியோடு வந்தார்.
ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, மூடி மாறிய டப்பாவோடு.
துறைமுகக் காவலாளி தொப்பியைக் கவிழ்த்துக் காட்டி
"இதில போடலாமோ?" என்று சிரித்தார்.
கையில் ஒன்றுமில்லாதவருக்குத் தயிர்ச்சட்டி.
உப்புவெளி ஹோட்டல்களின் பின்புறம்
கிண்ணியாத் தயிர் வந்த சட்டிகள்
ஒருமுறை வழித்ததோடு
குவிந்து கிடந்தன.
ஓட்டோ நிறைய ஏற்றி வந்து
உப்புத் தண்ணியில் அவித்தெடுத்தேன்.
ஐம்பது ரூபா வைத்துவிட்டுக் கொண்டுபோ,
சட்டி வந்தால் காசு வரும்.
உவர்மலை ரீச்சர் திருப்பித் தரவேயில்லை.
கற்றாழை நட்டுவிட்டாவாம்.
அதையும் வரவில்தான் எழுதினேன்.

அச்சடித்த பைகள் எண்ணூறு மிச்சம்.
எரித்தால் மூச்சில்,
புதைத்தால் கிணற்றில்,
எறிந்தால் இன்னொரு மானில்.
தையற்கடைப் பரீதா கீலம் கீலமாய் வெட்டிப்
பின்னித் தந்தா, வாங்குக்கு ஒரு பாய்.
எழுத்துகள் உடைந்து, எமி, ணவு, கோழ.
என் பெயரின் மேல் குந்தியிருந்து சாப்பிடுகிறார்கள்.
இருக்கட்டும்.

இப்போது தொண்ணூறு, தொண்ணூற்றைந்து போகிறது.
பழைய கணக்குக்கு இன்னும் வரவில்லை.
வருமென்று சொல்லவும் மாட்டேன்.

நேற்று இரவு, பூட்டுகிற நேரம்,
குட்டியோடு ஒரு பெண்மான்
எதிர்ப்பக்கக் குப்பையில் முகம் புதைத்து நின்றது.
அகப்பையோடு ஓடினேன்.
வாயிலிருந்து பையை இழுத்தெடுத்து
வீதி விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
என் பெயர் இல்லை.

அப்பாடா என்றிருந்தது.
அந்த அப்பாடாவுக்காகவே கூசி
அங்கேயே நின்றேன் கொஞ்ச நேரம்.
பிறகு, எச்சில் வழிந்த பையை விரித்து
அதிலிருந்த நம்பரை அழுத்தினேன்.

மறுமுனையில் சட்டி சுரண்டும் சத்தம்,
களைத்த ஒரு குரல்:

"எத்தனை பார்சல்?"