இடது தோள்

ஐந்நூறு பவுண்டு. அதற்கு மேல்
ஒரு பென்னி கிடையாது என்று
பால் லாரியின் கண்ணாடியிடம் சொல்லிவிட்டுத்தான்
பென்ரித் கடைத்தெருவில் இறங்கினேன்.

அதிலும் நூற்றுப்பத்து ஏற்கெனவே போயிற்று
பூட்டுப் பெட்டிக்கு.
யானைக்கு முன்பே அங்குசம் வாங்கியவள் நான்.
சுவரோடு முடுக்கிய அந்த வெற்று இரும்பு
இரவெல்லாம் என்னையே பார்க்கிறது.

இரண்டு மாதமாய் கிளப்பின் இரவல் துப்பாக்கி.
"விடு!" என்று கத்துவேன்.
மேட்டுக்குப் பின்னிருந்து சீறிக் கிளம்பும்
ஆரஞ்சுக் களிமண் தட்டு
ஒரு கீறலும் இல்லாமல்
ஆட்டு மேய்ச்சலில் போய் உட்காரும்.
ஞாயிறு மாலைகளில் என் கன்னம் ஊதா.
திங்கட்கிழமை பண்ணைகளில்
யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

கடையில் முதலில் கண்ணைப் பிடித்தவள்
இத்தாலிக்காரி.
வெள்ளித் தகட்டில் இரண்டு கவுதாரி,
இறகுக்கு இறகு செதுக்கல்.
நானூற்றுப் பத்து. பேரம் படியும்.

"கண்ணை மூடி ஏந்துங்கள்" என்றாள் மார்னி ஃபாதர்கில்,
கையில் பாதி தின்ற சாண்ட்விச்.
"கன்னம் படிந்த பிறகு திறங்கள்.
என்ன தெரிகிறது?"

குழலின் முதுகு தெரியவில்லை.
பூட்டின் பின்புறம்தான் தெரிந்தது.
மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று
தேர் பார்க்க வந்த குழந்தை நான்.
"கழுத்தை நீட்டிக்கொள்ளலாமே?"
"ஒரு தட்டுக்கு நீட்டலாம்.
நூறு தட்டுக்கு?"

அடுத்தது நீளம், அக்குளில் மாட்டியது.
இன்னொன்று பூப்போல லேசு.
குறைந்த கனத்தையெல்லாம் அது
உதையாக வசூலிக்கும் என்றாள்.
வெளியே லாரியை நகர்த்தச் சொல்லி
யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"இரண்டு கண்ணும் திறந்தபடி
என் மூக்கைச் சுட்டுங்கள்."
சுட்டினேன்.
சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.
"உங்கள் விரல் நிற்பது இடக்கண்ணுக்கு நேரே."

நாற்பத்தாறு வருடம்
வலக்கையால் கையெழுத்திட்டு
வலக்கையால் சூப் குடித்து,
உள்ளே வேறோர் அரசாங்கம் நடந்திருக்கிறது.
ஒவ்வொரு தட்டுக்கும் இடப்புறக் காற்றை நான்
துல்லியமாகச் சுட்டிருக்கிறேன்.

பின்னறையிலிருந்து வந்தது
ஒரு மேல்கீழ் இரட்டைக்குழல்.
இடக்கைக்காரப் பல் மருத்துவர் ஒருவருடையது,
முதுகு போனதால் விட்டுவிட்டாராம்.
கட்டை ஓர் அரிசி நீளம்
மறுபக்கம் வளைந்திருந்த குற்றத்துக்காக
மூன்று வருடம் விலைபோகவில்லை.
கவுதாரி இல்லை. ஒரு கொடிகூட இல்லை.
பிடியில் கீறல்,
அடி ரப்பர் பழைய செருப்பு நிறம்.

இடது தோளில் வைத்தேன். மூடினேன். திறந்தேன்.

குழலின் முதுகு, தட்டையாய், நேராய்,
நுனியில் ஒரு சின்ன மணி,
அதற்கு மேல் கடை ஜன்னல், அதில் மழை.
எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்:
பள்ளமில்லை, துருவில்லை.
கீலை நானே ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.
முன்னூற்று நாற்பது.
ரப்பரை அரை அங்குலம் குறைக்க முப்பது.
மீதி இருபதுக்கு இரண்டு பெட்டித் தோட்டா.
கணக்கு தீர்ந்தது, மதியச் சாப்பாடு உட்பட.

ஞாயிறன்று முதல் பதினொன்றும் தப்பின.
வலது விரல் பழைய இடத்தில் விசையைத் தேடி
மரத்தை அமுக்கிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டாவதில்
ஓரம் மட்டும் உதிர்ந்தது, நகக்கண் அளவு.
கணக்கில் சேருமா என்று இருவர் சண்டை போட்டார்கள்.
நான் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.
வலியில்லை.

திங்கள், விடிகாலை நாலரை.
முதல் பண்ணை. உறைபனி.
லாரியின் பால் குழாயைத் தூக்கித் தோளில் போட்டேன்,
பதினோரு வருடமாய்ப் போடுகிற மாதிரியே.
பிறகு நின்று
எந்தத் தோள் என்று குனிந்து பார்த்தேன்.