சாரமில்ல

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேரே
மொபைல் கடை மாடியில் பயிற்சி வகுப்பு.
ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி சேர்த்தால் கவுண்டர்.
நான் கடைக்காரன். ஷெர்லின் கோபக்காரி.

"ஃபிரிட்ஜ் வாங்கி எட்டு நாள் ஆகல்ல,
உள்ள வச்ச மீனெல்லாம் நாறிப்போச்சு!"
அவள் நாற்காலியில் அடித்த அடியில்
பதறிப்போய் என் வாய் சொன்னது:
"சாரமில்லக்கா."

வகுப்பே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"மீனு எனக்க மீனு.
சாரமில்லண்ணு நான்தான் சொல்லணும்,
நீயில்ல."

மறுபடி.
மறுபடி.
ஆறாவது தடவை
மூணு எண்ணிவிட்டுக் கேட்டேன்:
"எத்தன கிலோக்கா?"
"ரெண்டு. நெய்மீன்."
குரல் ஒரு படி இறங்கியிருந்தது.
இல்லாத மீனுக்காக
எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

இடைவேளையில் என் கட்டஞ்சாயா
அவள் நோட்டில் கவிழ்ந்தது.
நீல மை ஓடி, தாள்கள் ஒட்டி,
எழுத்தெல்லாம் குளம்.
தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கினேன்.
"எத்தன பக்கம்?"
"பதினாறு. நாளைக்கு வேணும்."

குலசேகரத்தில் இப்போது மழை.
ரப்பர் தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல்.
மணி பதினொன்று,
ஒன்பதாம் பக்கம்.
போனைப் புரட்டிப் பார்க்கிறேன்.
அவளுடைய சாரமில்ல
இன்னும் வரவில்லை.