வழக்கமாகத் தங்குபவர்கள்

மருதப்பபத்து. கன்னடியன் கால்வாய்க்குக் கீழ்கரை.
என் பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள்;
மீதி நேரத்துக்கு ஊரை எண்ணச் சொல்லி அனுப்பினார்கள்.

நிலைக்கதவுகளில் எனக்கு முன்னே வந்தவர்களின் எண்கள்.
சிவப்பு பெயிண்டின் மேல் நீலம்,
நீலத்தின் மேல் போலியோ சொட்டுக்காரர்களின் சாக்பீஸ்.
ஒவ்வொரு முறையும் வீடு கூடியிருக்கிறது.
ஒவ்வொரு முறையும் உள்ளே
சரி, அதை எழுத படிவத்தில் இடமில்லை.

பதினான்கு: பூட்டு. துபாய்.
பதினைந்து: பூட்டு. திருப்பூர் என்றது எதிர்வீட்டு ஜன்னல்.
பதினாறில் தவசிக்கனி
பீடித்தட்டை மடியைவிட்டு இறக்காமல் பதில் சொன்னாள்.
"வழக்கமா இங்க தங்குறவங்க எத்தனை பேரு?"
"வழக்கத்துக்கு அஞ்சு. இப்ப நான் மட்டும்."
"எவ்வளவு நாளா?"
இலையைச் சுருட்டி, நூல் கட்டி,
தலையை மடக்கிக் குத்திவிட்டுச் சொன்னாள்:
"ஒம்பது வருசம்."
எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
"ஒண்ணாவா போட்டிய? ரேஷன் கார்டுல அஞ்சு இருக்கே டீச்சர்,
அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

முப்பத்திரண்டில் எஸ்தர் ஞானதீபம்,
ஓய்வுபெற்ற நர்ஸ்.
சிவப்பு முக்கோணம் பளபளத்த காலத்தில்
இந்தப் பத்து முழுக்கப் படியேறியவர்.
அவரிடமும் ஒரு கணக்கு நோட்டு இருந்தது:
பெயர், வயது, இருக்கும் பிள்ளைகள், ஆபரேஷன் தேதி.
தவசிக்கனியின் அம்மை பதினெட்டாம் பக்கத்தில்.
"மாசம் நாலு கேஸ் பிடிக்கலைன்னா மீட்டிங்ல நிக்க வைப்பான்.
ஒரு பிளாஸ்டிக் வாளி, கையில கொஞ்சம் ரூவா,
திரும்பி வார ஜீப்புல எவளும் பேச மாட்டா.
அப்பம் கூடிப்போச்சுன்னான்.
இப்பம் கொறஞ்சுபோச்சுங்கான்.
ரெண்டு தடவையும்
நம்ம வயித்தப் பாத்துத்தாம்ளா பேசுதான்."

நான் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
"ஒம் பள்ளிக்கூடத்துல எத்தன?"
"பதினொண்ணு."
"அதுல சூளைப் பிள்ளைய?"
"ஏழு."
நோட்டை மூடி, அதன் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
எழுதிக்கொள், தொழில்: ஒன்றுமில்லை என்றார்.

சூளை குளத்துக்குள்ளேயே இருக்கிறது.
தண்ணீர் நின்ற இடத்தில் மண் எடுத்த பள்ளம்,
பள்ளத்துக்கு மேல் வரிசையாக வீடுகள்.
கூரை: தார்ப்பாய்.
சுவர்: செங்கல்.
எண்ணெழுத மார்க்கரைத் திறந்தபோது
மேஸ்திரி ஓடிவந்தார்.
"அதுல எழுதாதீய டீச்சர், அது விக்கிற கல்லு."
சாந்து பூசாமல் அடுக்கியது.
லோடு வந்தால் சுவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு
மறுநாள் சுட்ட கல்லால்
மறுபடி வீடு.

ஃபுல்மணி முர்முவிடம் நான் கேட்பதை
என் மூன்றாம் வகுப்பு சுகி மாற்றிச் சொன்னாள்.
"அம்மைக்குத் தெரியாது டீச்சர், நான் சொல்லுதேன்."
ஊர் ஜார்க்கண்ட், தும்கா பக்கம்.
தாய்மொழி சந்தாலி.
மடியிலிருந்தது நாற்பது நாள் குழந்தை.
பிறந்த இடம்: ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, திருநெல்வேலி.
என் முழுப் பகுதியிலும்
ஒரு வயது நிறையாதவர் என்ற கட்டத்தில்
விழுந்த ஒரே கோடு.

"இவளுக்குத் தாய்மொழி?"
சுகி யோசித்தாள்.
"அதுக்கு இன்னும் ஒண்ணும் பேச வராதுல்லா."

ஃபுல்மணி எழுந்து
காயாத பச்சைக்கல் ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தாள்.
கூடவே ஓர் ஆணி.
கீறினேன்: 87.
சுவரின் நடுவே, கண்ணுக்கு நேராக வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சரிபார்க்க வந்த மேற்பார்வையாளர்
போனில் கத்தினார்.
"எண்பத்தாறு இருக்கு, எண்பத்தெட்டு இருக்கு,
எண்பத்தேழு எங்கம்மா?"

"சூளைக்குள்ள வேகுது சார்.
ஆறட்டும்.
அப்புறம் துபாய்க்காரர் வீட்டு மாடிக்குப் போகும்,
பதினாலாம் நம்பர்."