தையலின் உள்பக்கம்

பிற்காலப் பரிசுத்தவான்களின் சின்னச் சபையில்
என் கவிதையை வாசித்தேன்.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
எல்லோரும் என்றால் இருபத்தெட்டுப் பேர்,
கழுத்துப்பட்டி இறுகிய இரண்டு மிஷனரிப் பொடியன்கள்,
தமிழ் விளங்காமலே தலையாட்டிய விமலசூரிய சகோதரர்.
சுபோதினி மட்டும்
தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்தாள்.

ரத்மலானை கார்மென்ட்ஸில்
தரம் பார்க்கிற வேலை அவளுக்கு.
எந்தச் சேர்ட்டையும் உள்பக்கம் திருப்பி
நூலை இழுத்துப் பார்ப்பவள்.

புதன்கிழமை, வெள்ளவத்தை ஸ்டேஷன்.
ரயில் தாமதம்.
கடல் தண்டவாளம்வரை தூறியது.
தாள் முழுக்கப் பென்சில் கோடுகள்.
‘ஒளி’ பதினொரு தடவை, எண்ணியிருந்தாள்.

“சாட்சி சொல்ல ஞாயிறு இருக்கு.
இதிலையும் அதையே சொன்னால்
கவிதை என்னத்துக்கு?
நீ ஞானஸ்நானம் எடுத்த அண்டைக்கு
வீட்டிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?”

நான் பேசவில்லை.
விசுவாசம் குறைஞ்சவள் என்று
மனதுக்குள் அவளுக்கொரு பெயர் வைத்தேன்.
இரண்டு ஞாயிறு வேறு வாங்கில் இருந்தேன்,
அப்பத் தட்டும் தண்ணீர்த் தட்டும்
அவள் கையிலிருந்து என் கைக்கு வராத தூரத்தில்.

மூன்றாம் கிழமை, கரண்ட் நின்ற இரவு,
மெழுகுதிரியில் எழுத வந்தது இது:

மார்மன் ஆட்களுக்குத் தேத்தண்ணி ஆகாதென்று
முதல்நாளே சொல்லியிருந்தேன்.
ஆனாலும் அம்மா ஊற்றினாள்,
இரண்டு கரண்டி சீனியோடு,
என் கோப்பையில்.
வைத்துவிட்டுச் சுவர்க் கலண்டரைப் பார்த்து நின்றாள்.
நான் குடிக்கவில்லை.
அவள் கொட்டவும் இல்லை.
என் தலைமயிர் காயும் முன்
அது ஆறிவிட்டது.
அன்று முழுக்க
இரண்டு பேரும் அந்தக் கோப்பையைச் சுற்றியே
வீட்டுக்குள் நடந்தோம்.
பரலோகம் எனக்குத் திறந்தது உண்மை.
அந்தக் கோப்பையும் உண்மை.
அந்தக் கோப்பையிலும் ஓர் ஒளி இருந்தது.

அதே பிளாட்பாரம்.
சுபோதினி இரண்டு தடவை வாசித்தாள்.
பாராட்டப் போகிறாள் என்று பார்த்தேன்,
பென்சிலை எடுத்தாள்.
கடைசி வரியில் பதுங்கிக் கிடந்த ஒளியை
பிசிறு நூலைப்போல இழுத்து எடுத்தாள்.
“இப்ப சரி” என்றாள்.
பிறகு, ரயிலில் தொங்கிக்கொண்டு,
“முழுக்கச் சரியில்லை. ஆனாலும்…”
மிச்சத்தை தெஹிவளைக் காற்று கொண்டுபோனது.

இம்முறை வாசித்தபோது
ஆமென் சுணங்கித்தான் வந்தது.
அந்த இடைவெளியில் மின்விசிறி சத்தம் கேட்டது.
கூட்டம் கலைந்து செருப்புத் தேடும் நேரம்
ஒருவருக்கும் கேட்காமல்
கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருத்தி கேட்டாள்:
“அந்தக் கோப்பையைப் பிறகு
ஆர் கழுவினது?”